ஏரிக்கரைச் சுவர்

"அந்தச் சுவரு இன்னும் கீதா?"

நம் காலனிப் பிள்ளைகள் வாட்ஸ்அப் குழுவில், சுவர் இன்னும் இருக்கிறதா என்று போன வாரம் அவள் இப்படி ஒரு வரி போட்டாள். நாம் எல்லோரும் பார்த்தோம். காலை வணக்கத்துக்குப் பூங்கொத்து மேல் பூங்கொத்தாக அனுப்புகிற நாம், இதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருத்தன் முட்டி வலித் தைலம் ஒன்றைப் பற்றி ஏதோ போட்டான். அப்பாடா என்று எல்லோரும் அந்தத் தைலத்தைப் பிடித்துக்கொண்டோம். நானும்தான். எனக்கு முட்டி வலியே கிடையாது.

அறுபதைத் தாண்டிய பிறகு எதை வேண்டுமானாலும் மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் இது நம்மில் யாருக்கும் மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். நம் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கள்ளிக்குப்பத்தைத் தாண்டி ஏரிக்குப் போகிற வழியில் நம் காலனி. இரண்டே வரிசை வீடுகள். முன் வரிசை ரோட்டைப் பார்த்தது. தெற்கேயிருந்து தொழிற்பேட்டை வேலைக்கு வந்த நம் அப்பாக்கள் லோன் போட்டுக் கட்டியது. மொட்டை மாடி, கம்பி கேட், கேட்டில் சிலுவை. பின் வரிசை வாய்க்காலை ஒட்டியது, ஓட்டு வீடுகள். அங்கே இருந்தவர்கள் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். நாம் வருவதற்கு முன்பே இங்கே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள். இரண்டு வரிசைக்கும் பொதுவாக ஒரே கோயில், கீற்றுக் கொட்டகை. எல்லோரும் கத்தோலிக்கர்கள்தான். சாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. கேட்காததால் அது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் சிநேகிதி பின் வரிசை. இப்போது அந்தக் கேள்வியைப் போட்டவள் அவள்தான். அவளுடைய அப்பா தொழிற்பேட்டையில் லாரி மோதி இறந்துபோயிருந்தார். அம்மா வீட்டில் உட்கார்ந்து ரப்பர் வாஷருக்குப் பிசிறு வெட்டுவார். கம்பெனியிலிருந்து சாக்குச் சாக்காக வாஷர் வரும். அரை பிளேடால் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறைச் சுற்றி எடுக்க வேண்டும். பள்ளி விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். சுட்ட ரப்பர் வாசனையும் வறுத்த கடலை வாசனையும் கலந்த அந்த வீடு எனக்கு இன்றும் மூக்கில் இருக்கிறது. கை இரண்டும் கரியாகி வீட்டுக்கு வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்வேன்.

சிநேகிதியின் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ஒரு நாள் அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, மிக அன்பாக, "அத்தைன்னு கூப்பிடாண்டாம்மா, ஆன்ட்டின்னு கூப்பிடு. அதான் நாகரிகம்" என்றார். நான் நாகரிகத்துக்காகத்தான் சொல்கிறார் என்று நம்பினேன். ஆன்ட்டிக்கு இங்கிலீஷ் பிடிக்குமா என்று சிநேகிதியிடம் போய்க் கேட்டேன் வேறு. அத்தை என்றால் உறவு வந்துவிடும், ஆன்ட்டி என்றால் வராது. இது எனக்கு விளங்கும்போது எனக்கே கல்யாணப் பேச்சு ஆரம்பமாகியிருந்தது.

நம் காலனிக்கு அப்போது இருந்த பெரிய குறை கல்லறை. யாராவது இறந்தால் வேன் பிடித்துப் பட்டணத்துக்குப் போக வேண்டும். சிநேகிதியின் அப்பாவும் அங்கேதான். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏற்ற, தாயும் மகளும் ஓ.டி. பஸ் நிலையத்தில் ஏறி, நடுவில் ஒரு பஸ் மாறிப் போவார்கள். ஆன்ட்டிக்கு அந்த வருஷம் நெஞ்சில் சளி கட்டி, மூச்சு இழுக்கத் தொடங்கியிருந்தது. பிசிறு வெட்டும்போது நடுநடுவே பிளேடைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்குவார்.

"எனுக்கு எதனா ஒண்ணு ஆச்சுன்னா, நடந்து வர்ற தூரத்துல இருக்கணும்டி. இந்தப் பொண்ணு ஒண்டியா ரெண்டு பஸ்ஸு ஏறிக் கீறி வரக்கூடாது" என்பார். அவருக்கு இருந்த ஒரே கவலை அது. சாவதைப் பற்றி அவர் பயந்து நான் பார்த்ததில்லை. மகள் பஸ் ஏறுவதைப் பற்றித்தான் பயம்.

அந்தத் தவக்காலத்தில் தேர்தல் வந்தது.

நம் ஓட்டுக்கு அவ்வளவு மதிப்பு என்று நமக்கே அதுவரை தெரியாது. வேட்பாளர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரம் பார்த்துக் கோயில் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மாதா சுரூபத்தின் முன்னால் விபூதி பூசிய நெற்றியோடு சிலுவை போட முயன்றார். வலம் இடம் மாறிப்போயிற்று. நாங்கள் பிள்ளைகள் சிரித்தோம். பெரியவர்கள் உருகிப்போனார்கள். "எவ்வளவு பெரிய மனுஷன், நம்ம சாமிக்கு மரியாத குடுக்காரு பாத்தீயளா" என்று அப்பா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கோயில் கமிட்டிக்கு அப்பாதான் செயலாளர்.

அடுத்து காலண்டர் வந்தது. வழவழப்பான தாளில் மேலே இயேசுவின் திரு இருதயம், கீழே கும்பிட்ட கையோடு வேட்பாளர். இரண்டு வரிசைக்கும் வீட்டுக்கு ஒன்று. நம் ஆட்கள் செய்த முட்டாள்தனத்தைக் கேளுங்கள். கட்டுக் கட்டாக அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கினார்கள். தீர்த்தம் தெளித்த பொருளைக் குப்பையில் போடக்கூடாது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். அவ்வளவுதான், வேட்பாளர் எங்கள் சுவரில் நிரந்தரமாக உட்கார்ந்துவிட்டார். பின்னால் அவர்மேல் வெறுப்பு வந்தபோது அம்மா கத்தரிக்கோலை எடுத்து அவரை மட்டும் வெட்டி எடுக்கப் பார்த்தாள். கும்பிட்ட கை திரு இருதயத்தின் அங்கிமேல் ஏறியிருந்தது. அங்கியை வெட்டக்கூடாது அல்லவா? கையை விட்டுவிட்டு ஆளை வெட்டினாள். எங்கள் வீட்டு இயேசுவின் காலடியில் யாருடையதோ இரண்டு கைகள் வருஷக்கணக்கில் கும்பிட்டுக்கொண்டிருந்தன.

பெரிய வெள்ளியன்று ரோட்டில் ஒரு பேனர். 'புனித வெள்ளி நல்வாழ்த்துகள்' என்று எழுதி, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற வேட்பாளர். இயேசு இறந்த நாள் என்று நாம் கறுப்புத் துணி போர்த்திய பீடத்தின் முன்னால் அழுதுவிட்டு வந்து அதைப் பார்த்தோம். ஒருவரும் போய்ச் சொல்லவில்லை. கல்லறைக்கு இடம் தருகிறேன் என்று அவர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார்.

ஆம், கொடுப்பதாகத்தான் சொன்னார். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் கிடந்த புறம்போக்கு. சொன்னதோடு நிற்காமல் ஆளை அனுப்பி அளந்து கல்லும் நட்டார். அன்று மாலை ஆன்ட்டி எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இடம் பார்க்கக் கிளம்பினார். வழியில் நின்று நின்று மூச்சு வாங்கினார், ஆனால் முகமெல்லாம் சிரிப்பு. கொளுத்துகிற வெயிலில் ஏரி பாதி வற்றிச் சேற்று வாடை அடித்தது. கல் நட்ட இடத்தின் நடுவில் ஒரு நுணா மரம், வெள்ளைப் பூ உதிர்த்துக்கொண்டு நின்றது. அதன் அடியில் போய் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார்.

"இங்கியே போட்டுடச் சொல்லு, போதும்" என்று மகளைப் பார்த்துச் சொன்னார். "இஸ்கூல் வுட்டு வரச்சொல்லோ எட்டிப் பாத்துட்டு ஊட்டுக்குப் போய்டலாம். பூவு கூட வாங்க வேணாம், மேலயே கொட்டுது பாரு."

அவள், "சும்மா கிட" என்று அம்மாவின் வாயைப் பொத்தினாள். நாங்கள் நுணாப் பூ பொறுக்கிக்கொண்டு திரும்பினோம். அந்தக் கோடையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த மாலை அது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஒரு இடுகாட்டைப் பார்த்துவிட்டு அவ்வளவு சந்தோஷம்.

ஈஸ்டர் முடிந்த மறுநாள் சாயங்காலம் வேட்பாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். முன் வரிசை அப்பாக்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். பின் வரிசையிலிருந்து யாரையும் கூப்பிடவில்லை. நான் அம்மாவோடு காப்பித் தட்டை ஏந்திக்கொண்டு போய் வந்தேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"இடம் குடுத்தது பெரிய உபகாரம். ஆனா ஒரு காரியம் உண்டு பாத்துக்கிடுங்க. நடுவுல ஒரு சுவர் வச்சிட்டா நல்லது. இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவிய. வாசலும் ரெண்டா இருக்கட்டும். எங்க ஊர்லயும் அப்படித்தான். பின்னால ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க."

வேட்பாளருக்கு முதலில் புரியவில்லை. "அவங்கன்னா யாரு சார்? எல்லாம் ஒரே கோயிலுதானே?"

யாரோ ஒருவர் அவர் காதருகில் குனிந்து விளக்கினார். அவர் காப்பியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"அட, இன்னா சார் நீங்க. சிறுபான்மை ஓட்டு, மொத்தமா ஒரே மூட்டைன்னு மேலிடத்துல சொல்லிக்கினு வந்துட்டேன். எங்களாண்டதான் இந்த வியாதி கீதுன்னு நெனச்சா, உங்க ஊட்லயும் கீதா? சரி, கட்டிட்டாப் போச்சு. சுவருதானே!"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வெட்கப்பட வேண்டிய இடத்தில் வந்த சிரிப்பு. என் அப்பாவை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, ஐயோ, அவர் எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் காய்ச்சலில் தோளில் போட்டு நடந்ததும் இல்லை, அந்தச் சிரிப்புதான்.

அரசியல்வாதிகள் சொன்னதைச் செய்யமாட்டார்கள் என்பீர்கள். அவர் செய்தார். சுற்றுச்சுவர் வரவில்லை. கேட் வரவில்லை, தண்ணீர்க் குழாய் வரவில்லை, இடம் நமக்குத்தான் என்கிற அரசாங்க உத்தரவு வரவே இல்லை. நடுச்சுவர் மட்டும் ஓட்டுப்பதிவுக்கு முன்பே எழும்பிவிட்டது. ஆள் உயரத்துக்கு, நல்ல சிமெண்ட்டில். நாம் கேட்டவற்றில் அது ஒன்றுதான் சுலபம், அவருக்கு உடனே பலன் தரக்கூடியதும் அதுதான்.

சுவர் எழும்பிய அன்று ஆன்ட்டியும் நாங்களும் ஏரிக்கரைக்குப் போயிருந்தோம். கொத்தனார் சாந்து பூசிக்கொண்டிருந்தார். இது எதற்கு என்று ஆன்ட்டி கேட்டார்.

"மரம் கீற பக்கம் முன் வரிசைக்காரங்களுக்காம். வாய்க்கா பக்கம் மத்தவங்களுக்காம். எனுக்கு இன்னாம்மா தெரியும், கட்டச் சொன்னாங்கோ, கட்றேன்."

ஆன்ட்டி மரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திரும்பி வரும்போது வழக்கம்போல் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேராக எங்கள் வீட்டு கேட்டுக்கு வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அதுவரை அவர் ஏன் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பா வெளியே வந்தார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். கோயில்ல நீங்களும் நானும் ஒரே தட்டு அப்பத்தத்தானே நன்மயா வாங்குறோம்?"

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. குழந்தைக்குச் சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னார்: "அது கோயிலுக்குள்ளம்மா. இது வேற."

"செத்தப்பறம் கூடவா சார் வேற?"

அதற்கு அப்பா, "உங்களுக்கும் நல்ல இடமாத்தானே விட்டிருக்கோம்" என்றார். அதை அவர் மனதாரத்தான் சொன்னார். தாராளமாக நடந்துகொண்டதாக நினைத்தார்.

எதிர்க்கட்சிக்காரருக்குச் சுவர் நல்ல தீனியாயிற்று. மறுநாளே பின் வரிசைக்குப் போய்விட்டார். "என் அண்ணந்தம்பிங்கள ஒதுக்கி வச்ச சுவத்த நான் ஜெயிச்ச மறுநாளே இடிக்கிறேன்" என்று மைக்கில் முழங்கினார். அவர் கொடுத்தது காலண்டர் இல்லை, பிளாஸ்டிக் ஜெபமாலை, மணி ஒவ்வொன்றும் கட்சி நிறத்தில். முன் வரிசை ஒருவருக்கு, பின் வரிசை இன்னொருவருக்கு என்று ஓட்டு பிரிந்தது. அந்த மே மாதத்தில் கோயிலில் கூட நாம் பிரிந்து உட்கார்ந்தோம், இந்தப் பக்கம் பெஞ்சு, அந்தப் பக்கம் பாய்.

சுவரை இடிப்பேன் என்றவர்தான் ஜெயித்தார். பின் வரிசைக்காரர்கள் போய்க் கேட்டார்கள். "ரெண்டு வரிசையும் சேந்து வந்து கேளுங்க, அப்பதான் மேல பேச முடியும். உங்களுக்குள்ளயே ஒத்துமை இல்லன்னா நான் இன்னா பண்றது?" என்று அனுப்பிவிட்டார். அவர்கள் அப்பாவிடம் வந்தார்கள். சுவர் இல்லாமல் ஒன்றாக ஒரு விண்ணப்பம் கொடுக்கலாம் என்றார்கள். கமிட்டியில் பேசிச் சொல்கிறேன் என்றார் அப்பா. கமிட்டி பேசவே இல்லை.

பள்ளிக்கூடம் திறந்த மாதம் ஆன்ட்டி இறந்தார். மூச்சு இழுத்துக்கொண்டே இருந்து, ஒரு மத்தியானம், மடியில் வாஷரோடு. அப்பாதான் ஓடி ஓடி எல்லாம் செய்தார். பெட்டி அவர் வாங்கியது, வேன் அவர் பிடித்தது. வேனில் ஏற்றும்போது அழுதார், நிஜமான அழுகை. அந்த அழுகையை என்ன செய்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அந்த மனிதர் அந்த விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் வேனே தேவைப்பட்டிருக்காது.

வேன் ஏரிக்கரை வழியாகத்தான் பட்டணத்துக்குப் போயிற்று. சுவரைத் தாண்டும்போது சிநேகிதி ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. அடுத்த வாரம் அவளுடைய சித்தி வந்து ஆவடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பிசிறு வெட்டுகிற பிளேடு ஒன்று என் பென்சில் டப்பாவில் கிடந்தது, அதைத் திருப்பிக் கொடுக்கக்கூட நேரமில்லை. பின்னால் டப்பாவோடு தொலைந்தது.

அப்பா நீண்ட நாள் இருந்து இறந்தார். காலனிக்குக் கல்லறை அப்போதும் வந்திருக்கவில்லை, அதே பட்டணத்துக் கல்லறைக்குத்தான் கொண்டுபோனோம். அங்கே புது இடம் கிடையாது, பழைய குழியைத்தான் திறப்பார்கள். தோண்டும்போது வந்த பழைய எலும்புகளைத் துணியில் கட்டி, அதே குழிக்குள் வைத்து, மேலே அப்பாவை இறக்கினார்கள். அது யாருடையது என்று கேட்டேன். குழி தோண்டுகிறவர், "யாருக்கும்மா தெரியும்? எல்லாம் நம்ம ஆளுங்கதான்" என்றார். அம்மா பக்கத்தில் நின்றாள், அவளுக்குக் காது கேட்காதது நல்லதாகப் போயிற்று.

இப்போது மறுபடி தேர்தல். நான் இருக்கிற அடுக்கு மாடியில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய, பெரும்பாலும் ஐ.டி. வேலைக்கு வந்த இளசுகள். போன ஞாயிறு ஒரு கட்சியிலிருந்து சிறுபான்மைப் பிரிவு என்று ஒருவர், கட்சி நிறத்தில் கிரீம் வைத்த கேக்கோடு ஹாலுக்கு வந்தார். கல்லறைக்கு இடம் தருகிறார்களாம், திருமழிசை தாண்டி, குத்தம்பாக்கம் பக்கம். "அங்க புது பஸ் ஸ்டாண்ட் வேற வருது, போக வர சௌகரியம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்போது ஓர் இளைஞர் எழுந்தார். தினமும் லிஃப்டில் என் பையை வாங்கித் தூக்கிக்கொண்டு வருகிற நல்ல பையன்.

"சார், ஒரு சஜஷன். நடுவுல வாக்கிங் பாத் மாதிரி விட்டு, ரெண்டு சைடும் உயரமா செடி வச்சிட்டா நீட்டா இருக்கும். அவங்கவங்க கம்யூனிட்டி அவங்கவங்க சைடு. பின்னால யாருக்கும் சங்கடம் இருக்காது."

அதே மரியாதை, அதே மெல்லிய குரல். எழுந்து நின்று, "தம்பி, அதுக்குப் பேரு சுவர்" என்றேன்.

"ஐயோ ஆன்ட்டி, இப்பல்லாம் யாரு அதெல்லாம் பாக்கறா? இது ஜஸ்ட் லேண்ட்ஸ்கேப்பிங்" என்று சிரித்தார். கூட நாலு பேர் சிரித்தார்கள். கேக் கொண்டுவந்தவர் போனில் தட்டிக்கொண்டே, "அப்போ ரெண்டு சைடுன்னு போட்டுக்கறேன் சார், ஈஸியா முடிச்சிரலாம்" என்றார். எனக்கும் ஒரு துண்டு கேக் தந்தார்கள். கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஆட்டோ பிடித்து ஏரிக்கரைக்குப் போனேன். குழுவில் உன் கேள்வி அப்போதும் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. உன்னைத்தான் சொல்கிறேன், சிநேகிதி. மற்றவர்கள் தைலம் தடவிக்கொண்டிருக்கட்டும், இது உனக்கு.

இருக்கிறது. ஏரி சுருங்கிவிட்டது, வாய்க்காலை மூடிவிட்டார்கள், நம் காலனியில் பாதி வீடுகள் இப்போது இல்லை. சுவர் மட்டும் ஒரு விரிசல்கூட இல்லாமல் நிற்கிறது. இந்தப் பக்கம் ஒரு கட்சிக்கு, அந்தப் பக்கம் இன்னொரு கட்சிக்கு என்று தேர்தல் விளம்பரம் எழுத இரண்டு முகத்திலும் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள். உன் அம்மா உட்கார்ந்த நுணா மரமும் இருக்கிறது, பூத்திருக்கிறது. அது சுவருக்கு எங்கள் பக்கம் நிற்கிறது.